பின்னால் சுற்றாத முறுக்கி

என் மைனி ஞானபாயின் வலது கை கம்பிக்கும் இரும்பு உருளைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அன்று, கையை வெளியே எடுக்க எல்லாருக்கும் தோன்றிய வழி ஒன்றுதான். உருளையைக் கொஞ்சம் பின்னால் சுற்ற வேண்டும். ஆனால் அந்த உருளை பின்னால் சுற்றாது. சுற்றக்கூடாது என்றுதான் மைனி அதைத் தன் கையாலேயே செய்திருந்தாள். சொல்லப்போனால் அவளுக்கு இருந்த பெருமையெல்லாம் அதில்தான்.

மைனி என்றால் என் அண்ணன் சத்தியநேசனின் மனைவி. கேரள எல்லையோரத்து வெள்ளறடைக்குக் கிழக்கே, தரை மேடேறத் தொடங்கும் இடத்தில், எங்கள் இரண்டு வீடும் மேலும் கீழுமாக இருக்கின்றன. நான் கீழ்வீடு. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது என் உத்தியோகம். மிச்ச நேரத்தில் மேல்வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். பார்க்காமல் இருந்தாலும் காதில் விழும், ஏனென்றால் அந்த முற்றத்தில் எந்நேரமும் இரும்பு அடிபட்டுக்கொண்டே இருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் மைனி சந்திப்பிலுள்ள ஆக்ரிக்கடையில் பழைய இரும்பும் பாட்டிலும் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். மற்றப் பெண்கள் சாயங்காலம் கூலியோடு வீட்டுக்கு வருவார்கள். மைனி கூலியோடு ஒரு சாக்கும் கொண்டுவருவாள். அதில் உடைந்த சைக்கிள் சங்கிலி இருக்கும், லாரியின் வில்பட்டை இருக்கும், துருப்பிடித்த கீல் இருக்கும். "இதுக்கொரு சோலி இருக்கு" என்று எடுத்துவைப்பாள். அந்தச் சோலி என்னவென்று அவளுக்கே அன்றைக்குத் தெரியாது. "இது வீடா ஆக்ரிக்கடையா?" என்று அண்ணன் கத்துவான். "வீடுதான். கடையில இவ்வளவு சாமான் கிடையாது" என்பாள் மைனி. அப்போதெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம்.

பிறகு பன்றி வந்தது. அண்ணனும் மைனியும் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த மலைச்சரிவில் ஏத்தன்வாழையும் மரச்சீனிக் கிழங்கும் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி மரச்சீனி முழுவதையும் கிளறிப் போட்டது. மறுவருஷமும் அதே கதை. பஞ்சாயத்தில் சொல்லி, துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். மைனி போட்டுக் கொடுத்த சாயாவைக் குடித்தார், பன்றி வருமா என்று எங்களிடமே கேட்டார், போய்விட்டார். அன்றைக்கு மைனி எழுந்து சாக்கை அவிழ்த்தாள்.

விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து கிழிந்த மீன்வலைகள் ஆக்ரிக்கடைக்கு லாரியில் வரும். படகுக்கு ஆகாத வலை, ஆனால் நூல் உரமானது. அதைத்தான் வேலியாகக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். வெறும் வலை தொங்கும். தொங்கினால் பன்றி மூக்கைக் கொடுத்துத் தூக்கிவிடும். அதனால் வலைக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டும் விறைப்பாக நிற்க வேண்டும். கம்பியைக் கையால் இழுத்து விறைப்பாக்க முடியாது. கடையில் விற்கும் சாமான்களை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள்.

முதலில் குழி தோண்ட ஒரு கோரி செய்தாள். லாரி வில்பட்டையின் இரண்டு துண்டுகளைக் கீலில் சேர்த்து, நீளமான குழாய்க் கைப்பிடி. அடுத்தது நண்டு. இரண்டு தடித்த தகடும் நாலு போல்ட்டும். கம்பியை நடுவில் வைத்து இறுக்கினால் நண்டு கவ்வியதுபோல விடாது. கடைசியில் செய்ததுதான் முறுக்கி. சைக்கிளின் பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கிறதே, அது ஒரு பக்கம்தான் பிடிக்கும். மறுபக்கம் சுற்றினால் டிக் டிக் என்று சும்மா ஓடும். உள்ளே மூடிக் கிடக்கும் இரண்டு சின்ன நாக்குகள் செய்யும் வேலை அது. மைனி அதன் மேல் குழாய்த்துண்டு ஒன்றை உருளையாகப் பொருத்தி, வில்பட்டையில் உட்காரவைத்து, பெடல் கட்டையைக் கைப்பிடியாக மாட்டினாள். கேட் செய்யும் பட்டறையில் கொடுத்து ஒட்டவைத்தாள். உருளையில் கம்பியைச் சுற்றிக் கைப்பிடியைத் திருப்பினால் கம்பி முறுகும். கையை எடுத்தாலும் முறுகினது முறுகினபடி நிற்கும்.

"காளை வந்து இழுத்தாலும் பின்னால போவாது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். கேட்ட நாலு வீட்டுக்குச் செய்தும் கொடுத்தாள்.

"பின்னே தளத்தணும்ணா என்ன செய்ய?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"வேலிய எவளாவது தளத்துவாளா?" என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பக்கத்து நிலம் ஷிஜுவுடையது. மலையாளத்துப் பையன், மரம் வெட்டுவது தொழில். அவனுடைய மரச்சீனியும் பன்றி வாய்க்குப் போனதுதான். ஒரு சாயங்காலம் அண்ணனைத் தேடி வந்தவன், முற்றத்தில் முறத்தோடு இருந்த மைனியிடம்தான் பேசினான். "சேச்சி, ஈ வலையும் கம்பியும் ஒண்ணும் வேண்டா. இருக்குற கம்பியில வீட்டிலிருந்து ஒரு லைன் கொடுத்தா மதி. ஒற்ற ராத்திரியில தீரும்" என்றான். கரண்ட் கொடுக்கச் சொல்கிறான். அண்ணன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் மைனி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்புறத்து வார்டுல போன மழைக்கு ரப்பர் வெட்டப் போனவன் வேலியில ஒட்டிக் கிடந்தது மறந்து போச்சா? அதுவும் பன்னிக்கு வச்ச கரண்டுதான்."

"எல்லா இடத்துலயும் அப்படி வராது" என்றான் அண்ணன்.

"எனக்க கம்பியில கரண்ட் ஏறிச்சுண்ணா, அண்ணைக்கு நான் இந்த வீட்ட விட்டு இறங்குவேன்."

ஷிஜு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணனுக்கு அவன் முன்னால் மானம் போனதுபோல இருந்திருக்கும். "உனக்க கம்பி பன்னியத் தடுக்குமா?" என்று கேட்டான்.

"தடுக்கும்."

"தடுக்கட்டும். ஒரு தடவ பன்னி உள்ள கேறட்டும், அடுத்த நாளே நான் லைன் இழுப்பேன். நீ எங்க வேணும்ணாலும் போ."

அத்தோடு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஓணத்துக்கு வெட்ட வேண்டிய குலைகள் வாழையில் தொங்கிக்கொண்டிருந்தன, வேலி பாதியில் நின்றது, வீட்டில் ஆள் இருவரும் ஊமை. சாப்பாட்டை மைனி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போவாள், அண்ணன் வந்து தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு நடுவில் நான் தூது போகமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் வேலி வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கம்பி நீளம். நடுவில் ஒரு மேடு ஏறி இறங்குகிறது, ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. ஒரு முனையில் மட்டும் முறுக்கினால் மேட்டுக்கு அந்தப் பக்கம் தொய்வு நிற்கும். அதனால் இரு முனையிலும் ஒவ்வொரு முறுக்கி. மைனி ஸ்பானரால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவாள். மேட்டுக்கு அப்பால் அண்ணன் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். தட்டு கையில் தெரிந்ததும் கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்புவான். ஒரு தட்டுக்குக் கால் சுற்று. வாய் திறக்காமலே கீழ்க்கம்பியை முழுதும் அப்படித்தான் முடித்தார்கள். "நல்ல சம்சாரம்! வாய் ரெண்டு இருக்க, கம்பியில பேச்சு" என்று நான் கிண்டல் செய்தேன். நிறுத்து என்பதற்கு என்ன தட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்படி ஒன்று கிடையாது. தட்டாமல் இருந்தால் நிறுத்து, அவ்வளவுதான்.

அது சனிக்கிழமை, எனக்கு அங்கன்வாடி இல்லை. காலை மழை விட்டிருந்தது. வலையைக் கட்டியாயிற்று, மேல்கம்பியை முறுக்குவதுதான் பாக்கி. நான் கட்டஞ்சாயாவும் அவித்த மரச்சீனியும் எடுத்துக்கொண்டு மைனி நிற்கும் முனைக்கு ஏறினேன். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரம் அறுக்கும் மிஷின் சத்தம் காதை அடைத்தது. ஷிஜு தன் நிலத்தில் ஏதோ மரத்தை அறுத்துக்கொண்டிருந்தான். வேலி முடிகிற நாளில் பார்த்து இவன் வேறு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மைனி கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள். கம்பி அசையவில்லை. கொஞ்சம் பொறுத்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. தட்டு கையில் பட்டபின் அண்ணன் அந்தப் பக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தானோ என்னவோ. மைனியின் உருளையில் கடைசிச் சுற்று மட்டும் தளர்ந்து, ஓரத்துக்கு நகர்ந்து கிடந்தது. அதை நேராக்குவதற்காக ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, சுற்றுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து, அண்ணன் அந்தக் கால் சுற்றைத் திருப்பினான்.

கம்பி விரல்களை உருளையோடு சேர்த்துக் கவ்வியது. மைனி வீரிட்டாள், கையைப் பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் கம்பி அதிர்ந்தது. கம்பி அதிர்ந்தால் அண்ணனுக்கு அது தட்டு. இன்னொரு கால் சுற்று ஏறியது. மைனியின் கால் மடங்கி உடம்பு கீழே போயிற்று, கம்பி மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும் ஒரு கால் சுற்று. நான் தூக்குப்பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்கப் போனேன்.

"தொடாத!" என்றாள். "ஜெயா, கம்பியத் தொடாத புள்ளே. தொட்டா அவரு முறுக்குவாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மைனி அந்தக் கம்பத்தோடு கன்னத்தை ஒட்டவைத்து, எழுந்து நின்று, அசையாமல் ஆனாள். விரலில் இருந்து ரத்தம் உருளை வழியே இறங்குகிறது. அவள் துடிக்கக் கூடாது. துடித்தால் அது அந்தப் பக்கம் 'இன்னும் கொஞ்சம்' என்று போய்ச் சேரும்.

"ஓடு" என்றாள், உதடு அசையாமல். "போய் அவருக்க கையப் பிடி."

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. மேட்டில் ரப்பர் சருகு நனைந்து கிடந்தது. இரண்டு தடவை விழுந்தேன். "அண்ணா, அண்ணா" என்று கத்தினது மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஓடும்போது கம்பி என் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடினேன். அசையாதே மைனி, அசையாதே மைனி. வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

மேடு இறங்கும்போது அண்ணன் தெரிந்தான். இடது கை கம்பியின் மேல், வலது கை கைப்பிடியில், தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. அதே நேரத்தில் கம்பி இலேசாக நடுங்கியது. அவன் தோள் முன்னால் குனிந்தது. நான் பாய்ந்து கைப்பிடியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தொங்கினேன்.

"என்னட்டி, பைத்தியமா ஒனக்கு?"

எனக்கு மூச்சு வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "மைனிக்க கை… கம்பியில…"

முதலில் அவன் செய்தது, கைப்பிடியைப் பின்னால் இழுத்ததுதான். அது நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான், காலால் உதைத்தான், இரும்பு அப்படியே நின்றது. மைனி நன்றாகத்தான் செய்திருந்தாள். அடுத்து, கீழே கிடந்த கட்டரை எடுத்துக் கம்பியில் வைத்தான். கம்பி விண்ணென்று நின்றது.

"வேண்டாம்" என்று அவனே சொன்னான். "இங்க முறிச்சா அங்கோட்டு சாடும். அவளுக்க முகம் அங்கதான் இருக்கு."

கட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷின் சத்தம் வந்த பக்கம் ஓடினான். கரண்ட் பேச்சு வந்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஷிஜுவின் முகத்தைப் பார்க்கவும் கூச்சப்பட்டவன், அவன் காலில் விழுகிறவன்போலப் போய் நின்றான். மிஷின் நின்றது. ஷிஜு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மரக்கொம்பைக் கட்டி இறக்குகிற தடித்த வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் மேடேறினான்.

நாங்கள் போனபோது மைனி நான் விட்ட இடத்தில் விட்டபடி நின்றாள். பக்கத்து அயனி மரத்திலிருந்து முசுறு எறும்புகள் கம்பம் வழியாக வந்து அவள் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தன. தட்டிவிடாமல் நின்றிருக்கிறாள். நான் அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அண்ணன் அவள் முன்னால் வந்து நின்றான். இரண்டு வாரம் கழித்து நேருக்கு நேர்.

"சேச்சி, அனங்கல்லே. ஒட்டும் அனங்கல்லே" என்றான் ஷிஜு, அசையாதே என்று கையைக் காட்டி. கம்பியைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். "இதப் பிடிச்சு நிறுத்தணும். பின்னே முறிச்சா மதி. கம்பியப் பிடிக்க என்ன இருக்கு?"

"சாக்குல நண்டு கிடக்கு" என்றாள் மைனி.

உருளையிலிருந்து ஒரு கை தூரத்தில் நண்டைக் கம்பியில் மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினான் அண்ணன். ஸ்பானரின் ஒவ்வொரு திருப்பலுக்கும் கம்பி ஆடியது, ஒவ்வொரு ஆட்டமும் அவள் விரலுக்குள் போனது. "கத்துங்க மைனி, கத்துனா என்ன?" என்றேன். "கத்தினா அனங்கும்" என்றாள். அந்தப் பக்கம் முறுக்க இப்போது ஆளில்லை என்று சொன்னேன். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

வடத்தின் ஒரு நுனியை நண்டின் ஓட்டையில் கட்டினான் ஷிஜு. மறுபக்கத்தை அயனி மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினான். நீளக் கம்பியின் இழுப்பை வடம் வாங்கிக்கொண்டால், நண்டுக்கும் உருளைக்கும் நடுவிலுள்ள துண்டுக் கம்பிக்கு வேலை இல்லாமல் போகும். அதை முறித்தால் கை வெளியே வரும். கேட்க எளிதாக இருக்கிறது. நானும் ஷிஜுவும் வடத்தை இழுத்தோம். வடம் இறுகியது, மரப்பட்டை நொறுங்கியது, அதற்குள் கிரீச்சென்று ஒரு சத்தம். நண்டு கம்பியில் வழுக்கிவிட்டது. முழு இழுப்பும் திரும்பி விரலுக்குப் போனது. மைனியின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

வழுக்குகிற நண்டை நம்பி இன்னொரு தடவை இழுப்பதா? ஷிஜு அண்ணனைப் பார்த்தான், அண்ணன் தரையைப் பார்த்தான்.

"கம்பி நனஞ்சு கிடக்கு" என்றாள் மைனி, கண்ணைத் திறக்காமல். "துவர்த்து வச்சுத் துடையும். மணலு போட்டுப் பிடியும்."

துடையும், பிடியும் என்றால் அது எங்களுக்குச் சொன்னதல்ல. அந்த மரியாதையில் அவள் பேசுவது ஒரே ஒரு ஆளிடம்தான். அண்ணன் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துக் கம்பியை அழுத்தித் துடைத்தான், தகட்டின் உள்பக்கத்தையும் துடைத்தான். வேலிக்குழியிலிருந்து நறநறத்த மணலை அள்ளித் தேய்த்தான். நண்டை மறுபடியும் வைத்து, ஸ்பானரின் மேல் உடம்பை முழுதும் சாய்த்து முறுக்கினான். அழுதுகொண்டே முறுக்கினான்.

"வலிக்கல்லே, பதுக்கே, பதுக்கே" என்றான் ஷிஜு. வெட்டி இழுக்காதே என்கிறான். மெதுவாக வடத்தை வாங்கினோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. நண்டு பிடித்துக்கொண்டது. துண்டுக் கம்பி கொஞ்சமாகத் தொய்வதை நான் கண்ணால் பார்த்தேன்.

"இப்ப!"

அண்ணன் கட்டரை அழுத்தினான். டப் என்று ஒரு சத்தம், துண்டுக் கம்பி விழுந்தது. அயனி மரம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. நீளக் கம்பி அதன் வடத்தில் விறைப்பாக நின்றது. நான் உருளையிலிருந்த சுற்றை அவிழ்த்தேன். கை வெளியே வந்தது. அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மைனி தன் கையைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தாள். பிறகுதான் சரிந்தாள், அண்ணன் தாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் தப்பும் என்றார்கள். அவள் எல்லாம் செய்த கை அது. கோரி செய்தது, நண்டு செய்தது, எனக்குப் பிள்ளை பிறந்தபோது தொட்டில் கொக்கி செய்தது. வராந்தாவில் அண்ணனும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"ஜெயா" என்றான். "அவ எத்தன தட்டு தட்டினா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். என் வாய்க்கு அது வராது. "ஒண்ணு" என்றேன்.

"எனக்கு மூணு வந்துது." தன் கைகளை விரித்துப் பார்த்தான். "மொதல்ல ஒண்ணு. பின்னே சடசடண்ணு ரெண்டு. நாலாவதும் வந்துது, அப்பதான் நீ வந்து தொங்கின. எனக்கு சந்தோஷமா இருந்துது புள்ளே. இத்தன நாளு மிண்டாம கிடந்தவ, இண்ணைக்கு என்கிட்ட நெறய பேசுறாண்ணு நெனச்சேன்."

அந்தச் சிரிப்பு எதற்கென்று அப்போது எனக்குத் தெரிந்தது. அவனைத் திட்ட வேண்டும் என்று மனசில் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. நான் அவன் தோளில் தலையை வைத்து அழுதேன்.

மறுநாள் காலை அவன் என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நிலத்துக்குப் போனான். நான் போகச் சொல்லவில்லை. வெயில் ஏறினபின் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். பழையபடி ஊமை. மைனி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கையை மெல்ல நகர்த்தி, கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அண்ணன் துள்ளி எழுந்தான். இரண்டு கையையும் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டான்.

"ஒண்ணும் முறுக்காண்டாம்" என்றாள் மைனி. "வாயத் தொறந்து என்னவாவது சொல்லும்."

"ராத்திரி பன்னி வந்துது" என்றான் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷனுக்கு இவளிடம் சொல்ல இதுதான் கிடைத்ததா? விரலும் போய், வேலியும் போய், இனிமேல் லைன் இழுப்பானா? மைனி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அயனி மரத்து மூடு வர வந்திருக்கு. மண்ணு முழுக்க குளம்புத் தடம். வலையில முட்டிப் பாத்திருக்கு, மூக்கு வச்சு நெம்பிப் பாத்திருக்கு. கம்பி அசையல்ல. ஒண்ணுகூட உள்ள கேறல்ல." ஒரே மூச்சில் சொன்னான். "மேல்கம்பி ஷிஜுக்க வடத்துலதான் நிக்குது. ஓணத்துக்குக் குலை வெட்டுறது வர அது அங்க கிடக்கட்டும்ணு சொல்லிட்டான். லைன் காரியம் அவனும் பேசல்ல, நானும் பேசல்ல."

மைனி தலையை மறுபடியும் தலையணையில் வைத்தாள். கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. துடைக்கப் போன என்னை வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தாள்.

"முறுக்கி ரெண்டையும் கழத்திக் கொண்டு வாரும்" என்றாள்.

"ஆக்ரிக்குப் போடவா?"

"போடவா! ஊருல நாலு வீட்டுல எனக்க முறுக்கி கிடக்கு. அதையும் வாங்கிட்டு வாரும். எல்லாத்தையும் பின்னால சுத்த வைக்கணும். நாக்கு வெளியில தெரியணும், விரலால தூக்கினா விடணும்." மூச்சு வாங்கினாள். "அதுக்கு ரெண்டு கை வேணும். எனக்க கிட்ட இப்ப ஒண்ணுதான் இருக்கு."

அண்ணன் கக்கத்திலிருந்து கைகளை வெளியே எடுத்தான். அவற்றைக் கட்டில் கம்பியின் மேல், அவள் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தான்.